கிங்கின் கீழிருந்து ஒரு 3: நான்கு ஸ்பேட் ஆட்டத்தின் முதல் லீட்

இது பிரிட்ஜ் சீட்டாட்டம். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் இன்னொரு ஜோடி. மேற்கில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருந்த சீட்டுகள் இவை:

ஸ்பேட்: ஜாக், 4
ஹார்ட்: கிங், 9, 6, 3
டைமண்ட்: 6, 5
கிளப்: ஜாக், 10, 9, 8, 2

டீம் ஆட்டம். இரு அணிகளும் வல்னரபிள் (வென்றாலும் தோற்றாலும் புள்ளிகள் கூடும் நிலை). ஏலத்தைத் தொடங்கியவர் தெற்கு. மேற்கும் கிழக்கும் கடைசிவரை பாஸ் சொன்னார்கள். ஒரே சீட்டுகள் இரண்டு மேசைகளில் ஆடப்பட்டன. இரண்டிலும் ஏலம் நான்கு ஸ்பேடில் நின்றது: ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பதின்மூன்று ட்ரிக்குகளில் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்றுகளில்) பத்தை எடுக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த வழி மட்டும் வேறு.

முதல் மேசையின் ஏலம்:
தெற்கு 1 ஸ்பேட், வடக்கு 2 டைமண்ட்
தெற்கு 3 டைமண்ட், வடக்கு 3 ஸ்பேட்
தெற்கு 4 கிளப், வடக்கு 4 டைமண்ட்
தெற்கு 4 ஸ்பேட், வடக்கு பாஸ்

இரண்டாம் மேசையின் ஏலம்:
தெற்கு 1 ஸ்பேட், வடக்கு 2 டைமண்ட்
தெற்கு 3 டைமண்ட், வடக்கு 4 ஸ்பேட், எல்லோரும் பாஸ்

முதல் மேசையில் மேற்கு முதல் சீட்டாக, அதாவது லீடாக, ஹார்ட் 3 போட்டார். ஆட்டம் ஒரு ட்ரிக்கில் தோற்றது. இரண்டாம் மேசையில் மேற்கு கிளப் ஜாக் போட்டார். டிக்ளேரர் (ஏலத்தை எடுத்து ஆடும் தெற்கு) பத்து ட்ரிக்குகளை எடுத்து முடித்தார். ஒரு பக்கம் 100, மறுபக்கம் 620. இரண்டும் ஒரே அணிக்கே போனதால் வித்தியாசம் 720, அதாவது 12 இம்ப் (டீம் ஆட்டத்தில் புள்ளி வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் அலகு). ஒற்றைச் சீட்டுக்கு இது பெரிய விலை.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர், முதல் மேசையில் திறமைசாலியும் இரண்டாம் மேசையில் சுமாரான ஆட்டக்காரரும் இருந்தார்கள் என்று முடிவுகட்டிவிடுவார். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. லீடின் தரத்தை அதைப் போட்ட நொடியில் கிடைத்திருந்த செய்திகளைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். இரண்டு மேற்குகளின் கையிலும் ஒரே பதின்மூன்று சீட்டுகள் இருந்தன. காதில் விழுந்த செய்தி ஒன்றாக இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

ஏலம் சொன்னது

முதல் மேசையின் ஏலத்தை ஒவ்வொரு படியாக எடுத்துக்கொள்வோம். தெற்கின் 1 ஸ்பேட் ஐந்து ஸ்பேடுகளைக் காட்டுகிறது. வடக்கின் 2 டைமண்ட், இவர்கள் ஆடும் முறையில், கேம் (போனஸ் கிடைக்கும் மட்டம்; ஸ்பேடில் நான்கு) வரை நிற்கக்கூடாது என்ற கட்டளை. பன்னிரண்டு புள்ளிகளும் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) நீளமான டைமண்டும் அங்கே இருக்கின்றன. தெற்கு 3 டைமண்ட் என்று ஆதரித்தபோது இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது எட்டு டைமண்டுகள் இருப்பது தெரிந்துவிட்டது. வடக்கின் 3 ஸ்பேட் துருப்பை முடிவு செய்கிறது.

இனிமேல் ஏலத்தில் வரும் மூன்று கேள்விகள்தான் (ஏலத்தில் கேட்பவைதான்) பொன். தெற்கின் 4 கிளப், "எனக்கு ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ட்ரிக்குகள்) ஆசை இருக்கிறது, கிளப்பில் கட்டுப்பாடும் இருக்கிறது" என்கிறது. கட்டுப்பாடு என்றால் ஏஸ், கிங், அல்லது ஒற்றைச் சீட்டு, அல்லது அந்த இனமே இல்லாமை. வடக்கின் 4 டைமண்ட் டைமண்டில் கட்டுப்பாட்டைச் சொல்கிறது. அடுத்தபடி 4 ஹார்ட். தெற்கு அதைத் தாண்டி 4 ஸ்பேடுக்குப் போனார். கட்டுப்பாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் முறையில், தாண்டிய இனத்தில் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். தெற்கிடம் ஹார்ட் ஏஸ் இல்லை, கிங் இல்லை, ஹார்ட் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. வடக்கும் இதைக் கேட்டார். பார்ட்னர் ஸ்லாம் ஆசையைக் காட்டியிருக்கிறார், விட்டுப்போன ஒரே இனம் ஹார்ட். அதில் வடக்கிடம் ஏஸோ கிங்கோ இருந்திருந்தால் ஏலம் மேலே நகர்ந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. அவர் பாஸ் சொன்னார்.

எதிரணி இருவரும் ஹார்டைப் பார்த்து நின்றுவிட்டார்கள். இதைவிடத் தெளிவாக ஓர் இனத்தை யாரும் சுட்டிக்காட்ட முடியாது.

பார்ட்னரின் மௌனத்தையும் கேட்க வேண்டும். கிழக்குக்கு 4 டைமண்டை டபுள் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. அந்த உயரத்தில் அப்படிச் சொல்லும் டபுளுக்கு "இந்த இனத்தை லீட் போடுங்கள்" என்பதுதான் பொருள். அதற்குப் பெரிய செலவும் இல்லை. கிழக்கு அதை விட்டுவிட்டார். டைமண்டில் அவரிடம் சொல்லும்படியான பலம் இல்லை என்று கொள்ளலாம். ஹார்டை எதிரணி நான்காம் மட்டத்தில் கேட்கவே இல்லை என்பதால் அதை டபுள் சொல்லும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. மௌனத்தை இப்படி இனம்வாரியாகப் பிரித்துக் கேட்பது பழக்கத்தால் வரும். வந்துவிட்டால் ஆட்டத்தின் தரமே மாறிவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் லீட் போடுவதற்கு முன் எதிரணியிடம் ஒவ்வொரு கேள்வியின் பொருளையும் விளக்கச் சொல்லிக் கேட்க மேற்குக்கு உரிமை உண்டு. முதல் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் விதியின் ஒரு பயனும் அதுதான்: அது திரும்புவதற்குள் கிழக்கும் தன் பங்குக்கு விளக்கம் கேட்டுக்கொள்ளலாம். பலர் வெட்கப்பட்டு இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை. 4 ஸ்பேட் என்பது ஹார்ட் கட்டுப்பாட்டை மறுக்கிறதா, அல்லது வெறுமனே "எனக்கு இதற்குமேல் இல்லை" என்கிறதா என்பது அணிக்கு அணி மாறும். இந்த ஆட்டத்தின் முழு விடையும் அந்த ஒரு விளக்கத்தில் இருக்கிறது.

நான்கு ட்ரிக்குகள் எங்கிருந்து?

லீட் போடும் முன் மேற்கு கணக்குப் போட வேண்டும். எதிரணியிடம் 26 முதல் 29 புள்ளிகள் இருக்கலாம். தன்னிடம் 5. அப்படியானால் பார்ட்னரிடம் 6 முதல் 9. ஆட்டத்தைத் தோற்கடிக்க நான்கு ட்ரிக்குகள் வேண்டும். இந்தச் சிறு தொகையிலிருந்து நான்கு ட்ரிக்குகள் எப்படிக் கிடைக்கும்?

டைமண்டில் நம்பிக்கை இல்லை. எதிரணிக்கு எட்டு அல்லது ஒன்பது சீட்டுகள், மேற்கிடம் சிறியவை இரண்டு, மிச்சம் கிழக்கிடம் இரண்டோ மூன்றோ. அந்த இனம் அவர்களுக்கு ஓடப்போகிறது. கிளப்பில் தெற்கு கட்டுப்பாடு காட்டிவிட்டார். தவிரவும் மேற்கின் கையிலேயே ஐந்து கிளப்புகள் இருப்பதால் மூன்றாம் சுற்று வருவதற்குள் யாராவது துருப்பால் வெட்டிவிடுவார்கள். துருப்பில் ஜாக்குடன் இன்னொரு சீட்டு. கிழக்கிடம் குயின் மூன்று சீட்டாக இருந்தால் ஒரு ட்ரிக் வரலாம். மீதி மூன்று ட்ரிக்குகள் ஹார்டில்தான் வந்தாக வேண்டும். கிழக்கிடம் ஹார்ட் ஏஸ், துருப்பில் ஒரு தடை: 6 முதல் 9 புள்ளிக்குள் இது தாராளமாக அடங்கும். வேறு எந்தப் படத்தை வரைந்தாலும் கிழக்குக்கு இல்லாத புள்ளிகளைக் கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்பும் முறை இதுதான். "எந்த லீட் பாதுகாப்பானது?" என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கேள்வி, "இந்த ஆட்டம் தோற்கும் என்றால் மறைந்திருக்கும் சீட்டுகள் எப்படி இருக்க வேண்டும்?" அந்தப் படத்தை வரைந்துவிட்டால், அதில் எந்த லீட் தேவை என்று சீட்டுகளே சொல்லிவிடும்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. டம்மியில் (மேசையில் விரித்து வைக்கப்படும் வடக்கின் கையில்) ஐந்து டைமண்டுகள் வரிசையாக ஓடும்போது தெற்கு தன் ஹார்டுகளைக் கழித்துவிடுவார். தடுக்கும் அணி முதல் சந்தர்ப்பத்திலேயே ஹார்டைத் திறக்காவிட்டால் பிறகு எடுக்க ஹார்ட் மிச்சம் இருக்காது. பக்கத்து இனம் ஒன்று ஓடப்போகிறது என்று ஏலம் எச்சரிக்கும்போது காத்திருக்கும் லீட் உதவாது.

கிளப் ஜாக்கின் கவர்ச்சி

ஜாக், 10, 9, 8 என்ற தொடரைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். காரணம் இல்லாமலும் இல்லை: தொடரின் தலையிலிருந்து போடும் லீட் அபூர்வமாகத்தான் ட்ரிக்கைப் பறிகொடுக்கும். "தொடர் இருந்தால் தொடர்" என்று கற்றுக்கொடுப்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. எதிரணியின் ஏலத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் அது நல்ல விதி.

பறிகொடுக்காமல் இருப்பது வேறு, தோற்கடிப்பது வேறு. கிளப் ஜாக் இந்த ஆட்டத்தில் எந்த ட்ரிக்கையும் இழக்கவில்லை. எதையும் ஈட்டவும் இல்லை. அது இழந்தது ஒரு வாய்ப்பை. தடுக்கும் அணிக்கு முதல் சீட்டைப் போடும் வாய்ப்பு ஒன்றுதான் இலவசமாகக் கிடைக்கிறது; அதை எதிரணியே கட்டுப்பாடு காட்டிய இனத்தில் செலவழிப்பதில் பலன் இல்லை.

கிங்கின் கீழிருந்து சிறிய சீட்டு போடுவதைப் பற்றிய பயத்தையும் பேசியாக வேண்டும். துருப்பு ஆட்டத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வது பொதுவாக நியாயமே: டிக்ளேரரிடம் ஏஸும் குயினும் இருந்தால் உள்ளங்கையில் ஒரு ட்ரிக்கை வைத்துக் கொடுத்தது போலாகும். இங்கே தெற்கிடம் ஏஸ் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். வடக்கிடம் ஏஸும் குயினும் இருந்தால்? அப்போது மேற்கின் கிங் டம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஃபினெஸ் (கிங்கைத் தாண்டிக் குயினால் ட்ரிக் எடுக்கும் முயற்சி) எப்படியும் நடந்திருக்கும், லீடால் புதிதாக எதுவும் போகவில்லை. உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று: வடக்கிடம் ஏஸ், தெற்கிடம் குயின். அந்த அமைப்பில் ஹார்ட் 3 தெற்கின் குயினுக்கு உயிர் கொடுக்கும், டிக்ளேரருக்கு ஒரு ட்ரிக் கூடும். ஏஸ் வைத்துக்கொண்டு வடக்கு பாஸ் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கலாம், எல்லா வடக்குகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் இம்ப் கணக்கில் ஒரு கூடுதல் ட்ரிக்கின் விலை 30 புள்ளி, அதாவது 1 இம்ப். ஆட்டம் தோற்றால் கிடைப்பது 12. பன்னிரண்டில் ஒரு பங்கைப் பணயம் வைக்கும் துணிச்சலைத்தான் ஏலம் இங்கே கேட்கிறது.

கிங்கா, 3-ஆ?

ஹார்ட் என்று முடிவு செய்த பிறகும் வேலை முடியவில்லை. "எப்படியும் பார்ட்னரிடம் ஏஸ் இருக்கிறது, கிங்கையே போட்டுவிடலாம்; டம்மியைப் பார்த்துவிட்டுத் தொடரலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தில் அது ஆட்டத்தைத் தாரைவார்த்துவிடும். முழுச் சீட்டுகளையும் பார்த்தால் புரியும்.

வடக்கு (டம்மி)
ஸ்பேட்: 9, 7, 3
ஹார்ட்: 7, 5, 4
டைமண்ட்: ஏஸ், குயின், ஜாக், 8, 3
கிளப்: கிங், குயின்

கிழக்கு
ஸ்பேட்: குயின், 6, 2
ஹார்ட்: ஏஸ், ஜாக், 10
டைமண்ட்: 10, 9, 2
கிளப்: 7, 6, 5, 4

தெற்கு (டிக்ளேரர்)
ஸ்பேட்: ஏஸ், கிங், 10, 8, 5
ஹார்ட்: குயின், 8, 2
டைமண்ட்: கிங், 7, 4
கிளப்: ஏஸ், 3

எதிரணிக்கு 28 புள்ளிகள். ஸ்லாமைத் தேடியது தவறில்லை. ஹார்ட் ஓட்டையைக் கண்டு நின்றதும் தவறில்லை.

மேற்கு ஹார்ட் கிங் போட்டால் அது ட்ரிக்கை எடுக்கும், தெற்கு 2 போடுவார். அடுத்து ஹார்ட் 3-ஐ கிழக்கு ஏஸால் எடுக்கிறார், தெற்கு 8 போடுகிறார். இப்போது தெற்கின் குயின்தான் பெரிய சீட்டு. மூன்றாவது ஹார்ட் ட்ரிக் கிடையாது. தடுக்கும் அணிக்கு இரண்டு ஹார்டும் ஒரு துருப்பும் மட்டுமே, ஆட்டம் தோற்காது. கிழக்கு ஏஸை அடக்கிவைத்து ஜாக் போட்டுப் பார்த்தாலும் குயின் அதை எடுத்துக்கொள்ளும். கிங் முன்கூட்டியே விழுந்துவிட்டால் குயினைப் பிடிக்க ஆள் இல்லை.

மேற்கின் கிங் தெற்குக்கு அடுத்து விளையாடும் இடத்தில் இருக்கிறது. அதன் மதிப்பே குயினுக்குப் பின்னால் காத்திருப்பதில்தான் உள்ளது. அதனால் சிறியதைப் போட்டு, கிழக்கைக் கொண்டு தெற்கின் ஊடாக ஹார்டைத் திரும்ப வரவைக்க வேண்டும்.

கிழக்கின் பங்கு

லீட் சரியாக இருந்தாலும் மூன்றாம் கை (மூன்றாவதாகச் சீட்டு போடும் பார்ட்னர்) சொதப்பினால் வீண். ஹார்ட் 3 வந்தது, டம்மியிலிருந்து 4. கிழக்கின் கையில் ஏஸ், ஜாக், 10. இவற்றில் எது?

இங்கே பதினொன்றின் விதி உதவுகிறது. பிரிட்ஜின் முன்னோடியான விஸ்ட் ஆடிய 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட எளிய கணக்கு அது: பார்ட்னர் தன் இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டைப் போட்டால், பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டுகள் எத்தனை என்று கிடைக்கும். பதினொன்றில் மூன்று போக எட்டு. டம்மியில் 7, 5, 4 என மூன்று. கிழக்கிடம் மூன்று. ஆக தெற்கிடம் 3-ஐவிடப் பெரியவை சரியாக இரண்டு.

அந்த இரண்டில் கிங் இருக்க முடியாது. தெற்கு ஹார்ட் கட்டுப்பாட்டை மறுத்திருக்கிறார். டம்மியிலும் இல்லை. ஆகவே கிங் மேற்கிடம். குயின் தெற்கிடம் இருக்கலாம். ஜாக்கோ 10-ஓ போட்டுச் சிக்கனம் பிடிக்கப் பார்த்தால் குயின் அந்த ட்ரிக்கைத் தூக்கிவிடும். ஏஸைப் போட்டு எடுத்துவிட்டு ஜாக்கைத் திருப்பிப் போட வேண்டும். கிழக்கு அதைத்தான் செய்தார். தெற்கு குயினால் மூடினார், மேற்கு கிங்கால் எடுத்தார். மேற்கு 6 போட, கிழக்கின் 10 மூன்றாவது ட்ரிக்கை எடுத்தது. தெற்கு குயினை அடக்கிவைத்திருந்தாலும் ஜாக்கே அந்தச் சுற்றை வென்றிருக்கும், அடுத்த 10-ஐ மூட வரும் குயினைக் கிங் பிடித்திருக்கும். தப்பிக்க வழியில்லை.

பிறகு கிழக்கு ஒரு கிளப் போட்டார். தெற்கு எடுத்து ஸ்பேட் ஏஸ், கிங் இரண்டையும் அடித்தார். மேற்கின் 4-உம் ஜாக்கும் விழுந்தன, கிழக்கின் 2-உம் 6-உம் விழுந்தன. குயின் நின்றது. அது நான்காவது ட்ரிக்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கிழக்கின் இந்த மூன்றாம் கை. எதிரணியின் ஏலம் மேற்குக்கு எந்த இனம் என்று சொன்னது. கிழக்குக்கு எந்தச் சீட்டு என்று சொன்னது. ஒரே தகவலை இரண்டு பேரும் தனித்தனியே படித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கிளப் ஜாக் வந்தபோது நடந்தது

இரண்டாம் மேசையில் டம்மியின் கிளப் கிங் முதல் ட்ரிக்கை எடுத்தது. தெற்கு ஸ்பேட் ஏஸ், கிங் அடித்து, குயின் கிழக்கிடம் நிற்பதைப் பார்த்தார். துருப்பை மூன்றாம் சுற்று போட்டிருந்தால் கிழக்கு உள்ளே வந்து ஹார்டைத் திறந்திருப்பார். தெற்கு துருப்பை அப்படியே விட்டுவிட்டு டைமண்டுக்குத் திரும்பினார்: கிங், பிறகு ஏஸ், பிறகு குயின். கிழக்கிடம் மூன்று டைமண்டுகள் இருந்ததால் மூன்று சுற்றும் பணிந்து போட்டாக வேண்டியிருந்தது. மேற்கிடம் இரண்டுதான், ஆனால் அவர் கையில் துருப்பு இல்லை. நான்காவதாக டைமண்ட் ஜாக். கிழக்கு குயினால் வெட்டினார், தெற்கு ஒரு ஹார்டைக் கழித்தார். கிழக்கு ஹார்ட் ஏஸ் எடுத்து, ஜாக் போட்டு, மேற்கின் கிங்குக்கு இன்னொன்று. அவ்வளவுதான்: மூன்று ட்ரிக்குகள். தெற்கிடம் எஞ்சியவை துருப்புகளும் கிளப் ஏஸும்.

டிக்ளேரருக்கு அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தது. கிழக்கிடம் டைமண்ட் இரண்டே இருந்திருந்தால், மூன்றாம் சுற்றிலேயே குயினால் வெட்டி, தெற்கு எதையும் கழிக்கும் முன் மூன்று ஹார்டையும் எடுத்திருப்பார்கள்; கிளப் ஜாக்கும் ஆட்டத்தைத் தோற்கடித்த லீடாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். பத்து ட்ரிக்குகள் வந்ததில் டைமண்ட் பிரிந்த விதத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது இரண்டாம் மேசை மேற்கைப் பற்றிய தீர்ப்பு. அவர் கேட்டது 1 ஸ்பேட், 2 டைமண்ட், 3 டைமண்ட், 4 ஸ்பேட். கிளப்பும் ஹார்டும் பேசப்படவே இல்லை. டைமண்ட் ஓடும் என்ற எச்சரிக்கை அவருக்கும் கிடைத்தது. ஆகவே சும்மா காத்திருக்கும் லீட் கூடாது என்பது அவருக்கும் பொருந்தும். ஆனால் ஹார்ட் ஏஸ் தெற்கிடம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏஸும் குயினும் தெற்கின் கையில் இருப்பதற்கு முழு வாய்ப்பு இருந்தது. பேசப்படாத இரண்டு இனங்களில் ஒன்றில் உறுதியான தொடர், மற்றொன்றில் கிங் தலைமையில் நான்கு. கிளப் ஜாக்கை நான் குறைசொல்ல மாட்டேன். மேற்கிடம் ஐந்து கிளப் இருப்பதால் அங்கே அதிக ட்ரிக் வராது, நான்கு ஹார்டில் மூன்று சுற்று நிற்கலாம் என்ற நுணுக்கத்தை யோசித்து ஹார்ட் 3 போட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். போடாதது பிழை ஆகாது.

பாராட்டு சேர வேண்டிய இன்னொருவர் இரண்டாம் மேசையின் வடக்கு. அவர் நேராக 4 ஸ்பேடுக்குத் தாவியது எதிரணியின் காதுகளை அடைத்துவிட்டது. கட்டுப்பாடுகளை வரிசையாகச் சொல்வது ஸ்லாமைத் தேட நல்ல கருவி. அதன் விலை, ஸ்லாம் கிடைக்காதபோது லீட் போடுபவருக்கு வரைபடம் கொடுத்துவிடுவது. முதல் மேசையில் அந்த விலையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு புள்ளியும் சிறிய துருப்புகளுமாக இருக்கும் வடக்கு, ஸ்லாம் தொலைவில் இருக்கிறது என்று கருதி வாயை மூடிக்கொண்டது என் கண்ணில் நல்ல முடிவு. அதே சமயம், 28 புள்ளிகள் இருந்தும் தேடாமல் நிற்பது இன்னொரு நாள் நல்ல ஸ்லாமை இழக்க வைக்கும். முதல் மேசைக்காரர்கள் அடுத்த முறையும் தேடினால் அவர்களையும் தடுக்க மாட்டேன்.

அதே பதின்மூன்று சீட்டுகள், வேறு ஏலங்கள்

மேற்கின் கையை மாற்றாமல் ஏலத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 1 ஸ்பேட், 3 ஸ்பேட், 4 ஸ்பேட் என்று போனால் ஓடப்போகும் பக்கத்து இனம் எதுவும் தெரியவில்லை. அவசரம் இல்லை. டிக்ளேரர் தன் ட்ரிக்குகளைத் தானே தேடிக்கொள்ளட்டும். கிளப் ஜாக், யோசிக்கவே வேண்டாம்.

தெற்கு 1 ஸ்பேடுக்குப் பிறகு 2 ஹார்ட் கேட்டு, வடக்கு 4 ஸ்பேடுக்குப் போயிருந்தால் ஹார்ட் லீட் செத்துவிட்டது. அப்போது மேற்கின் நான்கு ஹார்டுகள் டிக்ளேரரின் இரண்டாம் இனத்துக்குப் பின்னால் நிற்கின்றன; டம்மியில் ஹார்டை வெட்டவிடாமல் துருப்பைக் குறைக்க ஸ்பேட் போடச் சொல்வது மரபு. எனக்கு இங்கே தயக்கம் உண்டு. ஜாக்கும் 4-உம் மட்டுமே உள்ள கையிலிருந்து துருப்பு போட்டால் பார்ட்னரின் குயினைக் காட்டிக்கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. மேற்கிடம் துருப்பில் சிறியவை மூன்று இருந்திருந்தால் தயங்காமல் துருப்பு. இந்தக் கையில் கிளப் ஜாக்கையே எடுப்பேன்.

கிழக்கு 4 டைமண்டை டபுள் சொல்லியிருந்தால் டைமண்ட் 6. பார்ட்னர் வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருக்க மிகப் பெரிய காரணம் வேண்டும்.

1 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப் என்று முடிந்திருந்தால் மறுபடியும் கிளப் ஜாக், ஆனால் காரணம் வேறு. வெட்டத் துருப்பு இல்லாத ஆட்டத்தில் ஐந்தாவது கிளப்புக்கும் ட்ரிக் ஆகும் தகுதி உண்டு. நீளம் அங்கே பலம். துருப்பு ஆட்டத்தில் அதே நீளம் எதிரணியின் வெட்டுக்கு வழிவிடும்.

ஜோடி ஆட்டத்தில், ஒவ்வொரு கூடுதல் ட்ரிக்கும் மதிப்பெண்ணைப் பாதிக்கும் இடத்தில், முதல் மேசை ஏலத்துக்கு ஹார்ட் 3-ஐ மாற்ற மாட்டேன். செய்தி அவ்வளவு தெளிவு. இரண்டாம் மேசை ஏலத்துக்குக் கிளப் ஜாக்கின் பக்கம் இன்னும் உறுதியாகச் சாய்வேன். ஒரு ட்ரிக்கை இலவசமாகக் கொடுப்பது அங்கே அறை முழுவதோடும் ஒப்பிடப்படும்.

இத்தகைய முடிவுகளைச் சரிபார்க்க இப்போது கணினி இருக்கிறது. மேற்கின் கையை நிலையாக வைத்து, ஏலத்துக்குப் பொருந்தும் சீட்டுப் பங்கீடுகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, ஒவ்வொரு லீடும் எத்தனை முறை ஆட்டத்தைத் தோற்கடிக்கிறது என்று எண்ணலாம். நான் இதை விரும்பிப் பரிந்துரைக்கிறேன், இரண்டு எச்சரிக்கைகளோடு. அந்தக் கணக்கில் நான்கு பேரும் எல்லாச் சீட்டுகளையும் பார்த்துக்கொண்டே ஆடுவதாகக் கொள்ளப்படுகிறது. மேசையில் டிக்ளேரர் தவறான ஃபினெஸ் எடுப்பதும், நல்ல லீட் வந்தும் பார்ட்னர் தவறான சீட்டைத் திருப்புவதும் அதில் வராது. இரண்டாவது எச்சரிக்கை பெரியது: கணினிக்கு நீங்கள் கொடுக்கும் நிபந்தனைகள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன. "தெற்கிடம் ஹார்ட் ஏஸும் கிங்கும் இல்லை, ஹார்ட் குறைந்தது இரண்டு" என்ற ஒரு வரியைச் சேர்க்கிறீர்களா இல்லையா என்பதில்தான் இரண்டு மேசைகளுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

கடைசியாக, எதிரணிக்கு இந்தச் சீட்டுகளில் தோற்காத ஒரு கேம் இருந்தது. 3 நோ டிரம்பில் ஹார்ட் லீட் வந்தாலும் ஹார்டுகள் நான்கும் மூன்றுமாகப் பிரிந்திருப்பதால் தடுக்கும் அணிக்கு அதிகம் போனால் நான்கு ட்ரிக்குகள். அதன்பின் ஐந்து டைமண்ட், இரண்டு ஸ்பேட், இரண்டு கிளப் என்று ஒன்பது தயாராக நிற்கின்றன. எட்டுத் துருப்பும் ஓடும் பக்கத்து இனமும் இருக்கும்போது அங்கே போய் நிற்பவர் அபூர்வம். ஹார்டில் ஏஸும் கிங்கும் வெளியே இருப்பது தெரிந்த பிறகு யாரும் போகமாட்டார்கள்.